‘குவைதான்’ வெறும் அழகுதானா?

ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் “அழகாக இருந்தது” என்று சொன்னால், அதைப் பாராட்டு என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷியின் ‘குவைதான்’ படத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லே பாராட்டாகவும் குற்றச்சாட்டாகவும் வழங்கி வந்திருக்கிறது. 1964 டிசம்பர் இறுதியில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 1965-இல் ஜப்பானெங்கும் வெளிவந்த இப்படத்தைப் பார்த்தவர்கள் கூறும் கருத்துகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். புகழ்கிறவரும் இகழ்கிறவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். கண்ணுக்குப் பெரு விருந்து என்பது முதற்பாதி. பயம் வரவில்லை, மெதுவாகப் போகிறது, எல்லாம் செயற்கை என்பது பிற்பாதி. ஒருவர் முதற்பாதியை அழுத்திச் சொல்கிறார். மற்றவர் பிற்பாதியை அழுத்திச் சொல்கிறார். அவ்வளவே வேற்றுமை.

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடி இப்படத்தைப் பார்த்தோம். முடிந்தபின் எழுந்த விவாதமும் இதே தடத்தில்தான் சென்றது. பேய்ப்படம் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்கள். ஓவியத்தில் ஈடுபாடுள்ளவர்கள் மெய்ம்மறந்தார்கள். இரு சாராரும் படத்தின் அழகை அதன் கதைகளின்மேல் போர்த்திய பட்டுத்துணியாகவே கருதினார்கள் என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அந்த அழகைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டால் இப்படத்தில் கதையே நிற்காது என்பது என் கருத்து.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகள். ‘குவைதான்’ என்றால் வியப்பும் அச்சமும் தரும் கதைகள், அதாவது பேய்க்கதைகள் என்று பொருள். படத்தில் நான்கு கதைகள் உள்ளன: ‘கருங்கூந்தல்’, ‘பனிப்பெண்’, ‘செவியிழந்த ஹோயிச்சி’, ‘தேநீர்க் கிண்ணத்தில்’. ஒரு கதையின் பாத்திரம் மற்றொன்றில் வருவதில்லை. முழுப்படம் 183 நிமிடம் ஓடுகிறது. திரைக்கதை யோகோ மிசுகி. ஒளிப்பதிவு யோஷியோ மியாஜிமா. கலை ஷிகெமாசா தோடா. இசை தோரு தகெமிட்சு. 1965-ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. கோபயாஷி இதற்கு முன்பே ‘மனித நிலை’ என்ற மூன்று பாகப் போர்ப்படத்தாலும், ‘ஹரகிரி’ படத்தாலும் உலகறிந்தவர். வசேதா பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுக் கலை வரலாறு பயின்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

“இது கலப்பற்ற ஜப்பான்” என்று வியப்போர் பலர். அங்கேதான் ஒரு வேடிக்கை. நான்கு கதைகளும் லஃப்காடியோ ஹெர்ன் என்பவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இவர் 1850-இல் கிரேக்க நாட்டின் லெஃப்காதா தீவில், கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் பத்திரிகைத் தொழில் செய்து, 1890-இல் ஜப்பான் வந்து, செட்சு என்ற பெண்ணை மணந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். மனைவி பழங்கதைகளைச் சொல்லச் சொல்லக் கேட்டு அவர் எழுதினார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் சொல்லில் சொல் என்று வற்புறுத்துவாராம். 1904-இல் ‘குவைதான்’ நூல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார். ஆக, ஜப்பானியப் பெண்ணின் வாய்மொழி ஆங்கில நூலாகிக் கடல் கடந்து போய், அறுபது ஆண்டுகள் கழித்துப் படச்சுருளில் ஊர் திரும்பியிருக்கிறது. வேறொருவர் கண்வழியாகத் தன் வீட்டையே பார்ப்பது போன்ற ஒரு விலகல் இப்படம் முழுவதும் இருக்கிறது. ‘செயற்கை’ என்ற குற்றச்சாட்டை ஆராயும்போது இதை மறந்துவிடக் கூடாது.

செயற்கை என்பது உண்மைதான். படத்தின் பெரும்பகுதி பயன்படாமல் கிடந்த ஒரு விமானக் கொட்டகைக்குள் எடுக்கப்பட்டது. காடு, பனிவெளி, கல்லறைத் தோட்டம், கடற்போர் எல்லாம் உள்ளே அமைத்தவை. வானம் கையால் தீட்டியது. அதை மறைக்க யாரும் முயலவில்லை. பனிப்பெண் கதையில் இரண்டு மரம்வெட்டிகள் பனிப்புயலில் தள்ளாடி வரும்போது, அவர்களுக்குப் பின்னால் வானத்தில் ஒரு பெரிய கண் திறந்திருக்கிறது. மேகம் கண்போலத் தோன்றுகிறதோ என்று ஐயுறத் தேவையில்லை. கருவிழியும் இமையுமாக வரைந்த கண்தான். இதைப் பார்த்து எங்களில் ஒருவர் சிரித்தார். “சின்னப் பிள்ளை வரைந்த படம் மாதிரி இருக்கிறது” என்றார்.

நண்பர் சிரித்ததில் தவறில்லை. ஆனால் அக்கதையில் அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஒதுங்கிய குடிசையில் முதியவரை மூச்சுக்காற்றாலேயே உறைய வைத்துக் கொல்கிறாள் பனிப்பெண். இளைஞன் மினோகிச்சியின் இளமைக்கு இரங்கி உயிரோடு விடுகிறாள். இன்று கண்டதை யாரிடமும், பெற்ற தாயிடமும்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் உயிர் போகும் என்பது நிபந்தனை. பின்னர் அவன் யுகி என்ற பெண்ணை வழியில் சந்தித்து மணக்கிறான். மூன்று குழந்தைகள் பிறக்கின்றன. அவள் மட்டும் மூப்படைவதே இல்லை. ஓர் இரவு விளக்கொளியில் அவள் தைத்துக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பழைய நினைவு வருகிறது; வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அந்தக் கணத்தில் அறையின் வெதுவெதுப்பான நிறம் வடிந்து நீலம் பரவுகிறது. நடிகை கெய்கோ கிஷி இருந்த இடத்திலேயே இருக்கிறார். ஒளி மாறுகிறது, மனைவி மறைந்து போகிறாள்.

இப்போது அந்த வானத்துக் கண்ணை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருமா? அவனுடைய பத்தாண்டு இல்லறம் முழுவதும் அந்தக் கண்ணின்கீழ் நடந்த நாடகம். யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. உண்மையான மலையிலும் உண்மையான பனியிலும் இதை எடுத்திருந்தால், இயற்கையின் நடுவே ஒரு பேய் வந்து போனது என்ற அளவோடு நின்றிருக்கும். தீட்டிய வானத்தின்கீழே இயற்கை என்பதே இல்லை. எல்லாம் அவளுடைய வீடு. பேய் வராத காட்சியிலும் பேயின் இருப்பை இப்படி உணர்த்த முடிந்தது இந்தச் செயற்கையால்தான்.

‘மெதுவாகப் போகிறது’ என்பது அடுத்தது. இதற்கு முதற்கதையையே எடுத்துக்கொள்ளலாம். கியோட்டோவில் வறுமையில் வாடும் ஒரு சாமுராய், நெசவு செய்து தன்னைக் காப்பாற்றி வந்த மனைவியைக் கைவிட்டு, பதவிக்காக உயர்குடிப் பெண்ணை மணந்து அயலூர் செல்கிறான். அங்கே நிம்மதியில்லை. பல்லாண்டு கழித்துப் பழைய வீட்டுக்குத் திரும்புகிறான். வீடு பாழடைந்து கிடக்கிறது. உள்ளே ஓர் அறையில் மட்டும் விளக்கெரிகிறது. பழைய மனைவி அதே இளமையோடு, கோபமின்றி வரவேற்கிறாள். இரவு கழிந்து விடியும்போது அவன் பக்கத்தில் கிடப்பது எலும்பும் கருங்கூந்தலும். கதை இவ்வளவே. முடிவு என்ன என்று பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பின்னும் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இழுப்பதற்குக் காரணம் ஒலியில் இருக்கிறது. தகெமிட்சு இங்கே அமைத்ததை இசை என்று சொல்வதா ஓசை என்று சொல்வதா என்று எனக்குத் தெளிவில்லை. மரம் பிளக்கும் ஒலி, முறியும் ஒலி, அவற்றுக்கிடையே நீண்ட மௌனம். கூந்தல் துரத்த, அவன் வீடெங்கும் விழுந்து ஓடுகிறான். உளுத்த பலகை காலடியில் நொறுங்குகிறது, ஓசை இல்லை. சுவரில் மோதுகிறான், ஓசை இல்லை. சற்றுப் பொறுத்து, எதிர்பாராத இடத்தில் மரம் பிளக்கும் ஒலி மட்டும் வந்து விழுகிறது. கண் ஒன்றைக் காண, செவி வேறொன்றைக் கேட்கிறது. அவன் செய்த துரோகத்துக்கும் அதன் பயனுக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் போல, செயலுக்கும் ஒலிக்கும் இடையே ஓர் இடைவெளி. இந்த உத்தியை விரைவான படத்தொகுப்பில் செய்து பார்த்திருந்தால் தொழில்நுட்பக் கோளாறு என்றே நினைத்திருப்போம். முன்னே வந்த அரைமணி நேர அமைதிதான் நம் செவியை அதற்குப் பழக்குகிறது.

பார்வையாளரின் பொறுமையைப் பற்றிய கவலை இப்படத்துக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறது. கான் விழாவுக்கு அனுப்பியபோதே இருபது நிமிடத்துக்குமேல் குறைத்து 161 நிமிடமாக்கினார்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது பனிப்பெண் கதையை முழுவதுமாகவே எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்தை ஒட்டிய படமாகக் காட்டினார்கள். இதில் ஒரு வேதனையான செய்தியும் உண்டு. இப்படத்தைத் தயாரித்த ‘நிஞ்ஜின் கிளப்’ என்ற நிறுவனம் மூன்று நடிகையர் 1954-இல் கூடித் தொடங்கியது. பெரிய படநிறுவனங்களின் பிடியிலிருந்து விலகித் தம் விருப்பப்படி நடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அந்த மூவரில் ஒருவர் பனிப்பெண்ணாக நடித்த கெய்கோ கிஷி. படத்தின் பெருஞ்செலவு அந்நிறுவனத்தையே மூழ்கடித்தது. அமெரிக்க ரசிகருக்குக் காட்டும்போது வெட்டியெறிந்ததோ அவர் நடித்த பகுதி! “கொஞ்சம் குறைத்திருக்கலாம்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குறைத்தபோது என்ன போயிற்று என்பதற்கு இது சான்று.

இனி ஹோயிச்சி. மூன்றாவது கதையே சிறந்தது என்பதில் பார்த்தவர்களிடையே அதிக வேற்றுமை இல்லை. ஆனால் ஏன் சிறந்தது என்று கேட்டால், உடல் முழுதும் எழுத்துகள் தீட்டிய அந்தத் தோற்றத்தையே எல்லோரும் சொல்கிறார்கள். படத்தின் விளம்பரங்களிலும் அதுவே இடம்பெறுகிறது. அதற்கு முன்னால் உள்ளதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

1185-இல் தான்-நோ-உரா என்ற கடற்பகுதியில் ஹெய்கே, கென்ஜி என்ற இரு குலங்களுக்கிடையே இறுதிப் போர் நடந்தது. ஹெய்கே குலம் அழிந்தது. ஆறே வயதான சிறுவன், பேரரசன் அன்தோகுவை அணைத்துக்கொண்டு அவன் பாட்டி கடலில் குதித்தாள். அக்கடலில் பிடிபடும் நண்டின் ஓட்டில் மாண்ட வீரரின் முகம் தெரிவதாக இன்றும் சொல்வார்கள். கோபயாஷி இப்போரைச் சிவந்த வானத்தின்கீழே, அசையாத நீரில், நாட்டியம் போன்ற அசைவுகளில் காட்டுகிறார். இடையிடையே பழைய ஓவியம் ஒன்றின் பகுதிகள் திரையை நிரப்புகின்றன. பின்னணியில் பீவா என்ற நரம்பிசைக் கருவியும், அதனுடன் பாடும் குரலும். போர்க்களத்தின் கூச்சல் ஒன்றுமில்லை. இதையும் நாடகத்தனம் என்றார்கள். நாம் பார்ப்பது நடந்த போர் அன்று. பாட்டில் வாழும் போர். பல நூற்றாண்டுகள் பாடப்பட்டுப் பாடப்பட்டு, இரத்தமும் நாற்றமும் போய், நிறமும் வடிவமும் மட்டும் எஞ்சிய போர்.

அங்கே உள்ள கோயிலில் தங்கியிருக்கும் குருட்டுப் பாடகன் ஹோயிச்சியை, இரவில் ஒரு வீரன் வந்து அழைத்துச் செல்கிறான். பெரிய இடத்துச் சபை ஒன்று தான்-நோ-உராப் பாட்டைக் கேட்க விரும்புகிறது என்கிறான். இரவுதோறும் ஹோயிச்சி பாடுகிறான், சபை அழுகிறது. அவன் பாடிக்கொண்டிருப்பது கல்லறைகளுக்கு முன்னால் என்பதைக் கோயில் ஆட்கள் மழையில் கண்டுபிடிக்கிறார்கள். தம்முடைய தோல்வியைத் தாமே திரும்பத் திரும்பக் கேட்க விரும்பும் இறந்தவர்கள் அவர்கள். வெற்றிப் பாட்டோ புகழ்ப் பாட்டோ அவர்களுக்கு வேண்டியதில்லை. எப்படி மாண்டோம் என்று ஒருவன் சரியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

இதை எடுத்தவர் யார்? 1942-இல் படைக்கு அழைக்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தவர். மியாகோ தீவில் போர் முடிவைக் கண்டு, ஒகினாவாவில் போர்க் கைதியாக இருந்தவர். இப்படம் வெளிவரும்போது ஜப்பான் தோற்று இருபது ஆண்டுகூட நிறைவு பெறவில்லை. அப்போது அந்நாடு தன் தோல்வியைப் பேசுவதைக் காட்டிலும் தன் புதிய செல்வத்தைப் பேசுவதில் ஆர்வமாக இருந்தது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டின் முடிவில், கடலில் மூழ்கிய ஒரு தோற்ற படை வந்து “எங்கள் கதையைச் சொல்” என்று ஒரு குருடனிடம் கேட்கும் படம் வருகிறது. இயக்குநர் இதை எண்ணித்தான் எடுத்தார் என்று நான் அடித்துக் கூறவில்லை. ஆனால் ‘மனித நிலை’யை எடுத்த மனிதர் திடீரென்று வண்ணத்தில் மயங்கி அலங்காரப் படம் எடுத்துவிட்டார் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

பேய்கள் கேட்பது நியாயமானது. எனினும் அவர்களிடம் சென்று கொண்டேயிருந்தால் பாடகன் உயிர் பிழைக்க மாட்டான். தலைமைத் துறவி (தகாஷி ஷிமுரா மிக அடக்கமாக நடித்திருக்கிறார்) அவன் உடலெங்கும் சூத்திரத்தை எழுதி வைக்கிறார். செவிகளில் எழுத மறந்துவிடுகிறார்கள். அழைக்க வந்த வீரனின் கண்ணுக்கு அந்த இரண்டு செவிகள் மட்டுமே தெரிகின்றன. சான்றாக அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறான். அவன் கொடியவன் அல்லன். எசமானர் இட்ட கட்டளையை நிறைவேற்ற இயலாத ஒரு நேர்மையான சேவகன். இக்கதைகள் எல்லாம் தவறு செய்தவருக்குக் கிடைக்கும் தண்டனையைக் கூறுகின்றன என்று சிலர் சுருக்கிவிடுகிறார்கள். ஹோயிச்சி செய்த தவறு என்ன? நன்றாகப் பாடினான். அத்துணைத் துன்பத்துக்குப் பின்னும், அந்த ஆவிகளின் அமைதிக்காக உயிருள்ளவரை வாசிப்பேன் என்கிறான். அச்சத்தைவிடக் கனமான ஏதோ ஒன்று அந்த இடத்தில் நெஞ்சில் வந்து உட்காருகிறது. “பயம் வரவில்லை” என்றவர்களிடம் நான் கேட்க விரும்புவது, வேறு எதுவும் வரவில்லையா என்பதைத்தான்.

படத்தில் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. முதற்கதையின் இரண்டாம் மனைவி ஆணவத்தின் பொம்மையாகவே நின்றுவிடுகிறாள். பழைய மனைவியின் நற்குணத்தைக் காட்ட இவ்வளவு எளிய வழி வேண்டியதில்லை. ஹோயிச்சி கதையில் கோயில் வேலையாட்கள் இருவரின் நகைச்சுவை அங்கே ஒட்டவில்லை. சில இடங்களில் இயக்குநர் தாம் அமைத்த காட்சியைத் தாமே ரசித்து நின்றுவிட்டாரோ என்ற ஐயம் எழத்தான் செய்கிறது. குறிப்பாகப் போர்க்காட்சியின் பிற்பகுதியில்.

நான்காவது கதையைப் பற்றிக் கூறப்படும் குறை “முடிவே இல்லை” என்பது. ஓர் எழுத்தாளர் முடிக்காமல் விட்ட கதை அது. கன்னாய் என்ற வீரன் குடிக்கப்போகும் கிண்ணத்தில் அந்நியன் ஒருவனின் முகம் தெரிகிறது. நீரை மாற்றினாலும் தெரிகிறது. எரிச்சலில் குடித்துவிடுகிறான். பிறகு அந்த முகத்துக்குரியவனே நேரில் வந்து நிற்கிறான். கதை பாதியில் நிற்க, அதை எழுதியவரைத் தேடி வருகிறார் பதிப்பாளர், எழுத்தாளரைக் காணவில்லை. நீர்த்தொட்டிக்குள் அவர் முகம் தெரிகிறது. மற்ற மூன்றின் பேரழகுக்குப் பின் இது சாதாரணமாக, ஏறக்குறைய வேடிக்கையாக இருப்பதால் பலருக்குச் சப்பென்று போய்விடுகிறது. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. ஆனால் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும்போது நீரில் வண்ண மைகள் கலந்து சுருள்வதைக் காட்டினார்களே, அதை அடுத்த தடவை கவனித்தேன். எழுதும் மையும் நீரும் சேர்ந்து தொடங்கிய படம், எழுதியவரையே நீர் விழுங்கியதில் முடிகிறது. கதை சொல்வது ஆபத்தில்லாத தொழில் என்று மினோகிச்சியும் சொல்ல மாட்டான். ஹோயிச்சியும் சொல்ல மாட்டான். அவர்கள் வரிசையில் எழுத்தாளரும் சேர்ந்துகொள்கிறார்.

இப்படத்தைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 183 நிமிடப் பிரதி இன்று கிடைக்கிறது. குறைத்த பிரதிகளும் உலவுகின்றன. நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாருங்கள். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு வானத்துக் கண் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். ஒரே மூச்சில் உட்கார இயலாதவர்கள், ஹோயிச்சிக்கு முன்னால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். பனிப்பெண் கதையின் கடைசியில் மினோகிச்சி, போய்விட்ட மனைவிக்காகத் தான் செய்திருந்த காலணிகளை வாசலுக்கு வெளியே பனியின்மேல் எடுத்து வைக்கிறான். அவை மெல்ல மறைகின்றன. அமெரிக்கப் பிரதியில் இல்லாமல் போன காட்சிகளில் இதுவும் ஒன்று.